சைக்கிளைவிட்டு இறங்கிய காலம் போய்விட்டதா? வாசலில் நிற்கும் சின்ன அதிகாரமும் நாமும்

ரஹாங் –

என் பாட்டிக்கு வயது 78. பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். இப்போது எங்களோடு ரஹாங்கில் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன்பு உதவித்தொகைப் பாரம் ஒன்றைக் கொடுப்பதற்காக அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். நல்ல சேலை கட்டியிருந்தார். கால் வீங்கியிருந்ததால் சிலிப்பர் மட்டும் போட்டிருந்தார். வாசலில் நின்ற ஜாகா கையை நீட்டித் தடுத்தார்.

“பாட்டி, சிலிப்பர் போட்டுக்கிட்டு உள்ள போக முடியாது. சப்பாத்து போட்டுட்டு வாங்க.”

“கால் வீங்கியிருக்குப்பா. உள்ள நுழையல.”

“எனக்குத் தெரியாது பாட்டி. மேல சொல்லியிருக்காங்க.”

பேசியவர் நம்மவர்தான். நான் தமிழியல் படித்து நிருபராக இருப்பவன். கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுப் பாட்டியைக் காருக்குத் திருப்பி அழைத்து வந்தேன்.

காரில் உட்கார்ந்ததும் பாட்டி சொன்னார்: “எங்கப்பா கிராணி வீட்டத் தாண்டற வரைக்கும் சைக்கிள்ல ஏற மாட்டாரு. தள்ளிக்கிட்டேதான் போவாரு. நீயும் எறங்கிட்டியே!”

அந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சின்ன அதிகாரம் எங்கிருந்து வருகிறது? நாம் ஏன் அதற்கு உடனே பணிந்துவிடுகிறோம்?

துரைக்குக் கீழே எத்தனை படி?

தோட்டத்தில் பெரிய அதிகாரம் துரையிடம் இருந்தது. ஆனால் பால்மரம் வெட்டுகிற தொழிலாளி துரையோடு பேசுவது அபூர்வம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் அவர் முன்னால் நின்றவர் கங்காணி. காட்டில் நிரையைப் பார்வையிட்டவர் தண்டல். பாலை நிறுத்துக் கணக்கு எழுதியவர் கிராணி. காய்ச்சல் உண்மையா பொய்யா என்று தீர்மானித்தவர் டிரெசர்.

‘கங்காணி’ என்ற சொல்லின் மூலம் ‘கண்காணி’. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலேயே, கோயில் காரியங்களை மேற்பார்வை பார்ப்பவரைக் குறிக்க இந்தச் சொல் வருகிறது. மலாயாவில் அதன் பொருள் விரிந்தது. இங்கே கங்காணி வெறும் மேற்பார்வையாளர் மட்டுமல்லர். ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்தவரும் அவரே.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை எடுக்கும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆள் சேர்ப்பில் கங்காணி முறையே ஓங்கி நின்றது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்குப் போவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து உறவினரையும் ஊர்க்காரரையும் சேர்த்துக் கப்பலேற்றுவார். ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தரகு உண்டு.

சட்டத்தைப் பார்த்தால் தொழிலாளியின் நிலை அவ்வளவு மோசமில்லை. 1907இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் கப்பல் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் தொழிலாளி தோட்டத்தைவிட்டுப் போகலாம். ஆனால் இதையெல்லாம் அவருக்கு யார் படித்துச் சொல்வது? துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது. தொழிலாளி சொல்வதைத் துரையிடம் கொண்டுபோக வேண்டியவர் கங்காணி. அந்தக் கங்காணியைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் சொல்வது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம் கூட்டத்தில் அன்று எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அந்தத் தலைக் கணக்குக்கு ஏற்பக் கங்காணிக்குத் தனிப் பணம் கிடைத்தது. அதனால் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நட்டம். லயத்துக்கு வந்து கதவைத் தட்டியதற்கும் சத்தம் போட்டதற்கும் அவருடைய குணம் மட்டும் காரணமில்லை. அப்படித் தட்டினால்தான் அவருக்குக் காசு என்று முறையை வகுத்திருந்தார்கள்.

கல்யாணம் முடித்து வைத்த கங்காணிகளும், கோயில் கட்டிய கங்காணிகளும், துரையிடம் போய்த் தொழிலாளிக்காகப் பேசிய கங்காணிகளும் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு நல்லவர் வாய்ப்பதும் கெட்டவர் வாய்ப்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால், அந்த முறையிலேயே கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள். 1938இல் தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்ததோடு கங்காணி ஆள் சேர்ப்பு முடிந்தது. பெரட்டுக்களம் மட்டும் முடியவில்லை.

சைக்கிள் ஒரு கோரிக்கையான கதை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. உலகப் போரால் ரப்பர் விலை ஏறியிருந்தது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்கள்.

சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, வேலை நேரக் குறைப்பு, சரியான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவை அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சில. இவை நாம் எதிர்பார்ப்பவைதான். அதே பட்டியலில் வேறு சிலவும் இருந்தன. கொடுமை செய்யும் உத்தியோகத்தர்களை நீக்கித் தமிழ் பேசுபவர்களை நியமிக்க வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. துரையோ உத்தியோகத்தரோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிளைவிட்டு இறங்காமல் போனால் சம்பளம் ஒரு காசும் கூடாது. அப்படியிருந்தும் கூலி உயர்வோடு சேர்த்து இதையும் எழுதினார்கள். காரணம், அந்த அவமானம் தினசரி நடந்தது. குறைந்த கூலி சம்பள நாளில் தெரியும். சைக்கிளைவிட்டு இறங்குவதோ காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. சில நேரம் பெற்ற பிள்ளையின் கண்முன்னே.

அந்தப் போராட்டத்தின் முடிவு கசப்பானது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமானது. படைகள் வந்தன. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆனால் போருக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நம் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன் அதன் முதன்மைத் தலைவர்களில் ஒருவர். கங்காணியைத் தாண்டிப் போய்ப் பேச ஓர் இடம் கிடைத்தது இதன் மிகப் பெரிய பயன்.

தோட்டம் போனது, வாசல் வந்தது

தோட்டங்கள் தாமானாக மாறின. நாமும் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். இப்போது அலுவலக வாசலில், மருத்துவமனை முகப்பில், அடுக்குமாடியின் தடுப்புக் கம்பத்தில் ஒருவர் நிற்கிறார். சில நேரம் கோயில் செயற்குழுவில் அர்ச்சனைச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான்.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2015இல் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகம் ஒன்றுக்குப் போன பெண்ணிடம், பாவாடை குட்டை என்று சொல்லிச் சாரோங்கைக் கட்டச் சொன்னார்கள். படம் பரவியது, இலாகா மன்னிப்புக் கேட்டது. 2023 ஜனவரியில் காஜாங் போலீஸ் தலைமையகத்துக்குச் சாலை விபத்து குறித்துப் புகார் செய்யப் போன பெண்ணை உடையைக் காரணம் காட்டி வாசலிலேயே நிறுத்தினார்கள். விபத்தில் சிக்கி வருபவர் வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டா வருவார் என்று நாடே கேட்டது.

பெரட்டுக்களத்தையும் இந்த வாசலையும் சேர்த்துப் பார்த்தால், சின்ன அதிகாரம் மூன்று இடங்களிலிருந்து பலம் பெறுவது தெரிகிறது.

முதலாவது, விதி என்னவென்று நமக்குத் தெரியாது. எழுதிய விதி எது, வழக்கம் எது, அன்றைக்கு அவராகச் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. எல்லாமே “மேல சொல்லியிருக்காங்க” என்ற ஒரே குரலில்தான் வருகிறது.

இரண்டாவது, நமக்கு நேரமில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்போம். வாதாடினால் வேலை கெடும். இது அவருக்கும் தெரியும்.

மூன்றாவது, தடுப்பவருக்கே பயம் இருக்கிறது. ஒருவரைத் தவறாகத் தடுத்தால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தவறாக உள்ளே விட்டால் ஏச்சு விழும். அப்படியென்றால் தடுத்துவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு. அன்று கங்காணிக்குத் தலைக் கணக்கு. இன்று ஜாகாவுக்குச் சூப்பர்வைசர். அவர்களில் பலர் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவர்கள். தோட்டம் மூடியபின் இந்த வேலைக்கு வந்த நம் அப்பாக்களும் மாமாக்களும் எத்தனையோ பேர்.

சண்டை போடாமல் கேட்பது எப்படி?

குரலை உயர்த்தினால் பேச்சு மரியாதைப் பிரச்சினையாகிவிடும். விதியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆகவே பணிவாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள்.

“இது எந்த விதி? எழுத்தில் இருந்தால் காட்டுங்கள்” என்பது முதல் கேள்வி. உடை ஒழுங்கு அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அறிவிப்புப் பலகையில் இருந்தால் மதிப்போம். இல்லையென்றால், “இதை முடிவு செய்யும் அதிகாரி யார்? அவரிடம் பேசலாமா?” என்று கேட்கலாம்.

அடையாள அட்டை விஷயத்தில் கவனம் தேவை. அடுக்குமாடியிலோ குடியிருப்பிலோ காவல் நிற்பவர் உங்கள் மைகார்டை வாங்கித் தம்மிடம் வைத்துக்கொள்ள அதிகாரம் இல்லை என்று தேசியப் பதிவு இலாகா பலமுறை நினைவூட்டியிருக்கிறது. வாகன எண்ணையும் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அரசாங்க அலுவலகங்கள் ‘பியாகம் பெலாங்கான்’ என்ற வாடிக்கையாளர் சாசனத்தை வைத்திருக்க வேண்டும் என்பது 1993 முதல் நடப்பிலிருக்கும் ஏற்பாடு. எந்த வேலையை எத்தனை நாளில் முடித்துத் தருவார்கள் என்பது அதில் இருக்கும். “இன்று போய் நாளை வா” என்பவரிடம் அதைச் சுட்டிக்காட்டலாம்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். அந்த அலுவலகத்தின் புகார் பிரிவுக்கோ, 1971 முதல் இயங்கிவரும் ‘பிரோ பெங்காடுவான் அவாம்’ எனும் பொதுப் புகார் பிரிவுக்கோ அனுப்பலாம். சம்பளம் போன்ற வேலையிடப் பிரச்சினை என்றால் தொழிலாளர் இலாகாவுக்கும், நியாயமற்ற வேலை நீக்கம் என்றால் தொழில் உறவு இலாகாவுக்கும் போக வேண்டும். வாசலில் நிற்பவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று எழுதாதீர்கள்; விதியைத் தெளிவாக எழுதிப் பலகையில் வையுங்கள் என்று எழுதுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

நம் கையிலும் ஒரு சீட்டு இருக்கும் நாள் வரும். கோயிலில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், அலுவலகத்தில் நாமும் ஒருவரை நிற்க வைக்கும் இடத்தில் இருப்போம். அன்று “மேல சொன்னாங்க” என்று சொல்லாமல் காரணத்தைச் சொல்லிப் பழகினால் பாதி மனத்தாங்கல் குறையும்.

ஒரு வாரம் கழித்துப் பாட்டியை அதே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அதே சிலிப்பர், அதே ஜாகா.

“அண்ணே, சிலிப்பர் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க. நான் படிச்சுக்கறேன்.”

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். அரைக்கால் சட்டைப் படம் இருந்தது, கையில்லாத சட்டைப் படம் இருந்தது, சிலிப்பர் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஒருத்தர சிலிப்பரோட விட்டேன்னு சூப்பர்வைசர் ஏசிட்டாரு தம்பி. அதான்.” பிறகு பாட்டியைப் பார்த்து, “படி இருக்கு, பாத்துப் போங்க பாட்டி” என்றார்.

உள்ளே பாரத்தைக் கொடுத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. வாசலில் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.