கன்றின் வளர்ச்சியும் நுண் தாது உப்புகளும்

கரமனை, வலியசாலைப் பக்கத்து வீடுகளின் பின்கட்டில் தொழுவம் இருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். இன்று மாடு வளர்ப்பு நெய்யாற்றின்கரை, பாறசாலை, நெடுமங்காடு என்று புறத்தே போய்விட்டது. ஆனால் கேள்வி மட்டும் பழையதுதான்: "கன்னுக்குட்டி தேறவே மாட்டேங்குதே, என்ன குடுக்கலாம்?"

கேரளத்துப் பசு இன்று பெரும்பாலும் கலப்பினம். 1963-இல் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியே வந்த சுனந்தினி இனம் இதற்கு அடிப்படை. இக்கன்றுக்கு வேகமாக வளரும் திறன் பிறவியிலேயே உண்டு. அதற்கேற்ற தேவையும் உண்டு. நாம் போடுவதோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வரும் வைக்கோல். அதில் துத்தநாகமும் தாமிரமும் குறைவு.

தேவைப்படும் அளவு மிகச் சிறிது. ஒரு கிலோ கன்றுத் தீவனத்தில் தாமிரம் 10 மி.கி., துத்தநாகம் 40 மி.கி. இருக்கவேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2001-இல் வகுத்தது. இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? துத்தநாகம் குறைந்தால் பசி மந்தப்படும், தோல் தடித்து வெடிக்கும், மயிர் உதிரும். தாமிரம் குறைந்தால் கறுப்பு மயிர் செம்பட்டையாகும். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல் வெளிறும்.

பாலில் எல்லாம் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். இரும்பும் தாமிரமும் அதில் சொற்பம். கன்று முதல் சில வாரங்களை ஓட்டுவது, கருவிலிருந்தபோதே ஈரலில் சேர்த்துக்கொண்ட கையிருப்பை வைத்துத்தான். அந்தச் சேமிப்பு சினையின் கடைசி மாதங்களில் நடக்கிறது. கறவை வற்றியதும் தாய்க்குத் தாது உப்பை நிறுத்திவிடுகிறோமே, அங்கேதான் கன்றின் கணக்கில் துண்டு விழுகிறது! இன்னொரு வேடிக்கை: நம் செம்மண்ணில் இரும்பு மண்டிக் கிடக்கிறது, ஆனால் மண் ஒட்டிய புல்லோடு உள்ளே போகும் மிகுதியான இரும்பு, தாமிரம் உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

அதற்காக அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. அசைபோடும் வயிறு வளராத இளங்கன்று, உண்ட தாமிரத்தில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். வளர்ந்த மாடு உறிஞ்சுவது நூற்றுக்குச் சில பங்குதான். மிஞ்சினால் ஈரல் கெடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலவையைக் கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் கொடுக்கச் சொல்கிறார்கள். கன்றுக்கு 5 கிராம்தான். (கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுபவர்களும் உண்டு. சுண்ணாம்புச் சத்து வேறு, இது வேறு.)

குறை இருந்த கன்றுக்கு உப்பு கொடுத்தால் வளர்ச்சி மீளும். குறையே இல்லாத கன்று கூடுதலாக வளராது. பட்டினி கிடக்கும் கன்றும் வளராது. எடையில் பத்தில் ஒரு பங்கு பால், அதாவது 30 கிலோ கன்றுக்கு தினம் 3 லிட்டர் போகவேண்டும். அதைச் சொசைட்டியில் அளந்துவிட்டு உப்புப் பொட்டலம் வாங்கி வருகிறவரை என்ன சொல்வது? குடற்புழு மருந்தும் காலத்தில் கொடுக்கவேண்டும். கேரள அரசு 'கோவர்த்தினி' திட்டத்தில் கிடேரிக் கன்றுகளுக்கு மானியத் தீவனம் வழங்கியதும் இதே கணக்கில்தான். தீனி குறைந்த கிடேரி தாமதமாகப் பருவத்துக்கு வரும். முதல் ஈற்று தள்ளிப்போகும். அதுவரை செலவு முழுவதும் வளர்ப்பவர் தலையில்.