முக்கோணவியல்: ஒரு பக்கமும் இரு கோணங்களும்

நேரில் சென்று அளக்க முடியாத ஒரு நீளத்தை, அளக்க முடிந்த வேறொரு நீளத்தையும் சில கோணங்களையும் கொண்டு கணித்துவிடுவதற்காக வளர்ந்த கணிதப் பிரிவே முக்கோணவியல். கோபுரத்தின் உயரம், ஆற்றின் அகலம், கடலில் நிற்கும் கப்பலின் தொலைவு, பூமியிலிருந்து நிலவின் தூரம் ஆகிய அனைத்தையும் இந்த ஒரே முறையால் கணிக்கலாம். உயர்நிலை வகுப்புகளில் இப்பாடத்தைப் பயிலும் மாணவர்களில் பலர் இதைச் சூத்திரங்களின் பட்டியலாகக் கருதி மனப்பாடம் செய்வதும், வினா சற்றே உருமாறி வந்தால் தடுமாறுவதும் வழக்கமாக இருக்கிறது. சூத்திரங்கள் எதிலிருந்து பிறந்தன என்பதையும், ஒரு வினாவுக்கு எந்த முக்கோணத்தை வரைய வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டால் மனப்பாடத்தின் சுமை பெரிதும் குறைந்துவிடும்.

இப்பிரிவின் அடித்தளம் மிக எளிய ஓர் உண்மையாகும். செங்கோண முக்கோணம் ஒன்றில் 90 பாகைக் கோணம் தவிர இன்னொரு கோணமும் தெரிந்துவிட்டால், மூன்றின் கூடுதல் 180 பாகை என்பதால் மூன்றாவது கோணமும் உறுதியாகிவிடுகிறது. கோணங்கள் சமமாக உள்ள முக்கோணங்கள் அளவில் எவ்வளவு வேறுபட்டாலும் வடிவத்தில் ஒத்தவை. இவை வடிவொத்த முக்கோணங்கள் எனப்படும். அவற்றின் பக்கங்கள் எல்லாம் ஒரே மடங்கில் பெருகவும் சுருங்கவும் செய்வதால், இரு பக்கங்களுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை. செங்கோணத்திற்கு எதிரே உள்ள மிக நீண்ட பக்கம் கர்ணம். எடுத்துக்கொண்ட கோணத்திற்கு எதிரே உள்ளது எதிர்ப்பக்கம். அக்கோணத்தைக் கர்ணத்துடன் சேர்ந்து உருவாக்குவது அடுத்துள்ள பக்கம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கிடைப்பது சைன். அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கிடைப்பது கொசைன். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது டேன்ஜெண்ட்.

பாடநூலில் 30, 45, 60 பாகைகளுக்குத் தரப்படும் மதிப்புகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பக்கம் 2 அலகு உடைய சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து செங்குத்தாக இரண்டாகப் பிரித்தால் 1, √3, 2 என்ற பக்கங்களும் 30, 60 பாகைக் கோணங்களும் கொண்ட முக்கோணம் கிடைக்கிறது. அதிலிருந்து 30 பாகையின் சைன் 1/2 என்றும், 60 பாகையின் டேன்ஜெண்ட் √3 என்றும் நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். பக்கம் 1 அலகு உடைய சதுரத்தை மூலைவிட்டத்தால் பிரித்தால் 45 பாகைக்குரிய மதிப்புகள் கிடைக்கின்றன.

ஏனைய கோணங்களுக்கு மதிப்புகளைக் கண்டறியப் பல நூற்றாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வானியலர் ஹிப்பார்க்கஸ், வட்டத்தின் நாண்களின் நீளத்தைக் கோணத்தோடு தொடர்புபடுத்தும் அட்டவணையை அமைத்ததாகக் கூறப்படுகிறது. கி.பி. 499ஆம் ஆண்டைச் சார்ந்து எழுதப்பட்ட ஆரியபட்டீயம் முழு நாணுக்குப் பதிலாக அரை நாணை எடுத்துக்கொண்டு, 90 பாகையை 24 சம பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு 3.75 பாகைக்கும் இன்றைய சைனுக்கு இணையான மதிப்பைத் தந்தது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தைச் சேர்ந்த மாதவர், எந்தக் கோணத்தின் சைனையும் வேண்டிய துல்லியத்திற்குக் கணிக்க உதவும் முடிவிலாத் தொடரைக் கண்டார். இன்று கணிப்பான் ஒரு பொத்தானில் தரும் எண், இத்தகைய நீண்ட உழைப்பின் விளைவாகும்.

உயரங்களும் தொலைவுகளும் பற்றிய வினாவைத் தீர்ப்பதற்கு நான்கு படிகள் போதும். முதலில் வினாவில் உள்ள செய்திகளைப் படமாக வரைந்து செங்கோணம் எங்கே அமைகிறது எனக் குறிக்க வேண்டும். இரண்டாவதாகத் தெரிந்த பக்கத்தையும் தேடும் பக்கத்தையும் குறிக்க வேண்டும். மூன்றாவதாக அவ்விரு பக்கங்களையும் இணைக்கும் விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுதியில் கிடைத்த விடை நம்பத்தக்கதா எனப் பார்க்க வேண்டும். மரம் ஒன்றின் அடியிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிற்பவர் அதன் உச்சியை 35 பாகை ஏற்றக் கோணத்தில் காண்கிறார் என்றும், அவரது கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொள்ளலாம். கிடைமட்டக் கோட்டிற்கும், மேல்நோக்கிய பார்வைக் கோட்டிற்கும் இடைப்பட்ட கோணமே ஏற்றக் கோணம். கீழ்நோக்கிப் பார்க்கையில் அமைவது இறக்கக் கோணம். இங்கே தெரிந்தது அடுத்துள்ள பக்கம், வேண்டுவது எதிர்ப்பக்கம், ஆகவே டேன்ஜெண்ட் பொருந்துகிறது. 35 பாகையின் டேன்ஜெண்ட் ஏறத்தாழ 0.7 என்பதால், கண் மட்டத்திற்கு மேல் 28 மீட்டரும், கண்ணின் உயரத்தையும் சேர்த்தால் மொத்தம் 29.5 மீட்டரும் கிடைக்கின்றன. ஏற்றக் கோணம் 45 பாகையைவிடக் குறைவு. ஆகவே கண் மட்டத்திற்கு மேலுள்ள உயரம் 40 மீட்டரைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்ற எளிய சோதனையிலும் இவ்விடை தேறுகிறது. தேர்வுத்தாளில் கண்ணின் உயரத்தைக் கூட்ட மறப்பதே இவ்வகை வினாவில் அடிக்கடி நேரும் பிழை.

மலையின் உயரத்தைக் காண வேண்டுமானால் இம்முறை அப்படியே பயன்படாது. சிகரத்திற்கு நேர் கீழே உள்ள புள்ளி பாறைக்குள் புதைந்திருப்பதால், அதுவரை உள்ள தூரத்தை அளக்க வழியில்லை. இதனால்தான் இரண்டு இடங்களிலிருந்து கோணம் எடுக்கப்படுகிறது. ஓரிடத்தில் ஏற்றக் கோணம் 45 பாகையாகவும், அங்கிருந்து நேர் பின்னோக்கி 100 மீட்டர் சென்றபின் 30 பாகையாகவும் இருந்தால், முதல் இடத்திலிருந்து சிகரத்தின் நேர் கீழ்ப்புள்ளிக்கு உள்ள தூரம் உயரத்திற்குச் சமம். இரண்டாம் இடத்திலிருந்து உள்ள தூரம் உயரத்தின் √3 மடங்கு. இவ்விரண்டின் வேறுபாடு 100 மீட்டர் என்பதால், 100ஐ 0.732ஆல் வகுத்து உயரம் ஏறத்தாழ 136.6 மீட்டர் எனப் பெறுகிறோம். அளக்க முடியாத தூரம் கணக்கிலிருந்து நீங்கிவிட்டதே இம்முறையின் நுட்பம்.

கோணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் விடையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 45 பாகையின் டேன்ஜெண்ட் 1. 46 பாகையினுடையது 1.036. ஆகவே அங்கே ஒரு பாகை பிசகினால் உயரத்தில் 4 விழுக்காட்டிற்கும் குறைவான பிழையே நேரும். 80 பாகையின் டேன்ஜெண்ட் 5.67, 81 பாகையினுடையது 6.31, அதே ஒரு பாகைப் பிசகு அங்கே 11 விழுக்காட்டிற்கு மேல் பிழையை உண்டாக்குகிறது. மிகத் தொலைவில் நின்று 10 பாகை போன்ற சிறு கோணத்தை எடுத்தாலும் பிழை 10 விழுக்காடு அளவில் வந்துவிடும். இதனால், உச்சி ஏறத்தாழ 45 பாகையில் தெரியும் இடத்தில் நிற்பதே களத்தில் அளப்பவருக்கு உகந்தது.

செங்கோணம் இல்லாத முக்கோணங்களுக்குச் சைன் விதி உதவுகிறது. எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்று பக்கங்களுக்கும் ஒரே எண் கிடைக்கும் என்பது அவ்விதி. ஆகவே ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணித்துவிடலாம். கணித்த பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடிப்பக்கமாகிவிடுவதால், ஒரே ஒரு நீளத்தை மட்டும் அளந்துவிட்டு, கோணங்களை எடுத்துக்கொண்டே ஒரு நாடு முழுவதையும் முக்கோண வலையால் மூடிவிடலாம்.

இம்முறையின் மிகப்பெரிய பயன்பாடுகளுள் ஒன்று சென்னையில் தொடங்கியது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி வைத்து அளக்க வேண்டியிருந்தது. வெயிலில் எஃகு விரிவடைவதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளைக் கொண்டு வெப்பநிலையைக் குறித்து, அதற்கேற்ப நீளத்தைத் திருத்தினர். அதன்பின் கோணங்களை எடுக்க 36 அங்குல வட்டமும் ஏறத்தாழ அரை டன் எடையும் கொண்ட தியோடலைட் பயன்பட்டது. கிடைக்கோணத்தையும் நிலைக்கோணத்தையும் நுட்பமாக அளக்கும் தொலைநோக்கி பொருத்திய கருவியே தியோடலைட். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது இக்கருவியை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் வளைந்துவிட்டது. லாம்ப்டன் அதைத் தாமே பொறுமையாகச் சீர்செய்து மீண்டும் பயன்படுத்தினார்.

பின்னாளில் இவ்வலை இமயமலை வரை நீண்டது. 15ஆம் சிகரம் எனக் குறிக்கப்பட்டிருந்த மலையைச் சமவெளியின் பல நிலையங்களிலிருந்து நூறு மைல்களுக்கும் அப்பால் நோக்கி எடுத்த கோணங்களைக் கொண்டு, ராதாநாத் சிக்தர் என்ற வங்காளக் கணிதர் 1852இல் அதுவே உலகின் மிக உயர்ந்த சிகரம் எனக் கணித்தார்; 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. இது 8,840 மீட்டருக்குச் சமம்; 2020இல் அறிவிக்கப்பட்ட அளவு 8,848.86 மீட்டர். எவரும் ஏறியிராத அச்சிகரத்தின் உயரத்தில் நேர்ந்த வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

முற்றொருமைகள், அதாவது கோணம் எதுவாயினும் உண்மையாக இருக்கும் சமன்பாடுகள், மாணவர்களை அச்சுறுத்தும் மற்றொரு பகுதி. அவற்றின் மூலமும் பித்தாகரஸ் தேற்றமே: எதிர்ப்பக்கத்தின் வர்க்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் என்ற உண்மையைக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால், சைனின் வர்க்கமும் கொசைனின் வர்க்கமும் சேர்ந்து 1 என்ற முதல் முற்றொருமை கிடைக்கிறது. அதைக் கொசைனின் வர்க்கத்தால் வகுத்தாலும் சைனின் வர்க்கத்தால் வகுத்தாலும் மற்ற இரண்டும் வந்துவிடும். நிரூபிக்கச் சொல்லும் வினாக்களில் சிக்கலான பக்கத்தை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சைன், கொசைன் ஆகிய இரண்டாக மாற்றி, பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்து, முதல் முற்றொருமையை எங்கே புகுத்தலாம் எனத் தேடுவது பெரும்பாலும் பலன் தரும்.

90 பாகைக்கு மேற்பட்ட கோணங்களுக்குச் செங்கோண முக்கோணம் போதாது என்பதால், ஆரம் 1 உடைய வட்டத்தில் சுற்றிவரும் புள்ளியின் கிடைத்தூரத்தைக் கொசைன் எனவும் உயரத்தைச் சைன் எனவும் கொள்வர். இதன்படி சைன் 1/2 ஆக இருக்கும் கோணம் 30 பாகை மட்டுமன்று. 150 பாகையும் அதே உயரத்தில் இருப்பதால் அதுவும் விடையாகும். இந்த இரண்டாம் விடையை விட்டுவிடுவது மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணைக் குறைக்கும் பிழைகளுள் முக்கியமானது. மற்றொன்று, அலகைக் கவனியாமை. ஆரத்திற்குச் சமமான நீளமுள்ள வில் மையத்தில் தாங்கும் கோணம் ஒரு ரேடியன் எனப்படும். கணிப்பான் ரேடியனில் அமைந்திருக்கையில் 30இன் சைனைக் கேட்டால் 0.5 வராமல் −0.988 வரும்.

மாணவர்கள் இவற்றையெல்லாம் தாளில் மட்டும் செய்து நிறுத்திவிடாமல், பாகைமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழல் ஒன்றை ஒட்டி, பாகைமானியின் மையத்தில் சிறு எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டுச் சாய்வுமானி ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். குழல் வழியாகக் கொடிக்கம்பத்தின் உச்சியை நோக்கும்போது நூல் காட்டும் எண்ணுக்கும் 90க்கும் உள்ள வேறுபாடே ஏற்றக் கோணம். ஒரே கம்பத்தை மூன்று இடங்களிலிருந்து அளந்து மூன்று விடைகளையும் ஒப்பிடும் மாணவர், எந்த விகிதத்தை எங்கே பயன்படுத்துவது என்ற கேள்விக்கு இனி வழிகாட்டி நூலைத் தேடமாட்டார்.