இயற்கை நிறமும் செயற்கை நிறமும்: பேராக் தமிழர் சமையலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

தீபாவளிக் காலத்தில் ஈப்போவின் பலகாரக் கடைகளில் இருவகைப் பேச்சைக் கேட்கலாம். நிறம் தூக்கலாக இருந்தால்தான் இனிப்பு எடுப்பாக இருக்கும் என்பது ஒன்று. இவையெல்லாம் வெறும் சாயம், தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் எல்லாம் இயற்கையாக இருந்தன என்பது மற்றொன்று. ஒருவரே இரண்டையும் கூறுவதும் உண்டு. பயனீட்டாளரின் இம்முரண்பட்ட மனப்போக்கை இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகின்றோம்.

தோட்டத்து நினைவும் கேசரியும்

சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளின் கொல்லையில் மஞ்சளும் பாண்டானும் வளர்ந்தன. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடங்கொடுத்தபோது, அக்கொல்லைகளும் மறைந்தன. எனவே அந்த ஏக்கத்திற்குக் காரணம் உண்டு. ஆயினும் அந்நினைவு முழு உண்மையன்று. 'கேசரம்' என்னும் வடசொல் குங்குமப்பூவையும் குறிக்கும். கேசரி என்னும் இனிப்பின் பெயர் அதன் வழிவந்தது. குங்குமப்பூவோ தோட்டத் தொழிலாளியின் கூலிக்கு எட்டாத பொருள். மளிகைக் கடையில் வாங்கிய 'கேசரிப் பவுடரே' அந்நிறத்தைத் தந்தது. இத்தகைய பொடிகளில் டார்ட்ராசின் (102), சன்செட் யெல்லோ (110) ஆகிய செயற்கைச் சாயங்கள் பெரிதும் பயன்படுகின்றன. பெயர் பூவினுடையதாகவே நிலைத்தது, பொருள் மாறிவிட்டது.

அச்சத்தின் அடிப்படை

1856 இல் வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருளைக் கொண்டு முதற் செயற்கைச் சாயங்களுள் ஒன்றை உருவாக்கினார். அன்று தொடங்கிய தொழில் பின்னர் உணவிலும் புகுந்தது. 2007 இல் வெளியான சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானங்களுக்கும் சிறுவரின் மிகைச் செயற்பாட்டிற்கும் தொடர்பு இருக்கலாம் எனக் காட்டியது. விளைவு சிறிதாயினும், அவ்வாய்வுடன் தொடர்புடைய ஆறு சாயங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் எச்சரிக்கைக் குறிப்பைக் கட்டாயமாக்கியது. கேசரிப் பொடியின் மேற்கூறிய இரண்டும் அவ்வாறனுள் அடங்கும்.

இவற்றினின்று வேறானது ரோடமின் பி. அது துணிச் சாயம், உணவிற்கு உரியதன்று. பஞ்சு மிட்டாயில் அது கண்டறியப்பட்டதனால், தமிழ்நாட்டரசு 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது. மலேசியாவில் 1983 ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985 ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகளும் அனுமதிக்கப்பட்ட சாயங்களை வரையறுக்கின்றன. அனுமதி பெற்றதையும் பெறாததையும் 'சாயம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டும்போது, அச்சம் மிகுகின்றது, தெளிவு குறைகின்றது.

'இயற்கை' என்னும் நம்பிக்கை

இயற்கை என்பதும் தன்னளவில் காப்பு ஆகாது. மஞ்சளுக்கு ஒளியூட்ட ஈயக் குரோமேட்டு கலக்கப்படுவதை வங்காளதேச ஆய்வு ஒன்று 2019 இல் வெளிப்படுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. மேலும், கார்மைன் (120) என்னும் சிவப்பு இயற்கையானதே. ஆனால் கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. செயற்கையை அஞ்சி இயற்கையை நாடும் சைவ உணவினர், தாம் விலக்க விரும்பும் உயிர்ப்பொருளையே அறியாது உண்ண நேரிடலாம்.

முடிவுரை

ஆகவே, 'இயற்கையா, செயற்கையா?' என்னும் வினா போதியதன்று. 'எந்தச் சாயம், எவ்வளவு, அனுமதி பெற்றதா?' என வினவுதலே பயனுடையது. இதற்குரிய விடையைத் தரவேண்டிய பொட்டலக் குறிப்போ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு கல்வியை முடித்துக்கொண்ட முதியோர் பலருக்கு அது எட்டுவதில்லை. பேரப்பிள்ளைக்குப் பானம் வாங்கித் தருபவரும் அவரே. குறிப்பில் எண் இடம்பெற்றிருப்பின், அதனை எம்மொழியினரும் படிக்கலாம். 'பெவார்னா' என்னும் மலாய்ச் சொல்லும், 'வர்ண' என்னும் வடசொல்லின் வழியே, நம் வண்ணத்திற்கு உறவுடையதே. தமிழாசிரியர்கள் ஒரு வெற்றுப் பொட்டலத்தை வகுப்பிற்குக் கொண்டுசென்று இவ்வெண்களையும் சொற்களையும் கற்பிப்பாராயின், அப்பாடம் மாணவர் வழியாக வீட்டுச் சமையலறையையும் சென்றடையும் என நாம் நம்புகின்றோம்.