ஒரே ஒரு மார்க்கில் ஊசலாடிய உயிர்: ஐ.க்யூ டெஸ்ட் உண்மையில் எதை அளக்கிறது?

71. அமெரிக்காவின் ஃபுளோரிடா சிறையில் இருந்த ஃப்ரெடி லீ ஹால் என்பவரின் உயிர் இந்த எண்ணில்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது.

1978-ல் நடந்த ஒரு கொலைக்காக மரண தண்டனை பெற்றவர் ஹால். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், யாருக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்பதை முடிவு செய்யும் வேலையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஃபுளோரிடா ஒரு கோடு போட்டது. ஐ.க்யூ 70 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மற்ற ஆதாரங்களைப் பார்ப்போம் என்றது.

ஹாலுக்குப் பல முறை டெஸ்ட் எடுத்திருந்தார்கள். நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்ட ஸ்கோர்களில் மிகக் குறைவானது 71. ஒரே ஒரு மார்க் கூடிப்போச்சு!

ஒரு மனிதரின் சாவைத் தீர்மானிக்கும் அளவுக்கு இந்த எண் அவ்வளவு துல்லியமானதா?

ஆரம்பம் பாரிஸில்

இந்தக் கதை தொடங்கியது ஒரு நல்ல நோக்கத்தோடுதான். எல்லாக் குழந்தைகளும் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் வந்துவிட்டது. வகுப்பில் சில குழந்தைகள் பின்தங்கினார்கள். யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பது எப்படி? இதை ஆராய 1904-ல் அமைக்கப்பட்ட அரசுக் குழுவில் உளவியலாளர் ஆல்ஃப்ரட் பினே இருந்தார்.

மறு வருடமே, தியோடர் சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 30 பயிற்சிகள் கொண்ட ஒரு தேர்வை பினே தயாரித்தார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது போன்ற எளிய வேலையில் தொடங்கி, சலிப்புக்கும் சோகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்குவது வரை அது நீளும். 1908-ல் அதை வயது வாரியாகப் பிரித்தார். 8 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் செய்யும் வேலைகளை ஒரு குழந்தை செய்துவிட்டால், அதன் 'மன வயது' 8.

ஒருவரின் அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, இனி மாறாது என்ற கருத்தை பினே ஏற்கவில்லை. பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கத் தனிப் பயிற்சிகளையும் அவர் உருவாக்கினார். அவரைப் பொறுத்தவரை, டெஸ்ட் என்பது உதவியின் முதல் படி. அவ்வளவுதான்.

கருவி கைமாறியது

1911-ல் பினே இறந்துபோனார். அடுத்த ஆண்டு, ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மையான வயதால் வகுக்கலாம் என்றார். 1916-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். 10 வயதுக் குழந்தைக்கு மன வயது 8 என்றால் ஐ.க்யூ 80. குழந்தையைப் பற்றிய ஒரு விவரக்குறிப்பு, ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிட்டது.

முதல் உலகப்போரில் சுமார் 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கூட்டம் கூட்டமாக டெஸ்ட் வைத்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத் தேர்வு. வலை இல்லாத டென்னிஸ் மைதானம், கூம்பு இல்லாத கிராமபோன் படங்களைக் காட்டி 'எது விட்டுப்போயிருக்கு?' என்றார்கள். டென்னிஸே பார்த்திராத ஓர் ஏழைக் குடியேறி என்ன பதில் சொல்வார்? பழக்கமின்மை, அறிவுக்குறைவு என்று பதிவானது.

பெரிய கொடுமை வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது. கேரி பக் என்ற இளம்பெண்ணின் மன வயது 9 என்று டெஸ்ட் சொன்னது. 'அறிவு குறைந்தவர்' என்று முத்திரை குத்தி, அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய மாநிலம் முடிவெடுத்தது. 1927-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அவருடைய மகளும் குறைபாடு உள்ளவள் என்று வழக்கில் வாதிட்டார்கள். அந்தக் குழந்தையோ, பின்னாளில் பள்ளியில் சிறந்த மாணவர்கள் பட்டியலில் இடம்பிடித்தது.

சரி, 100 என்றால் என்ன?

டெர்மனின் கணக்கு பெரியவர்களுக்குப் பொருந்தாது. 40 வயதுக்காரரின் 'மன வயது' 50 என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. எனவே 1939-ல் டேவிட் வெக்ஸ்லர் புது வழி கொண்டுவந்தார். உங்கள் வயதுக்காரர்களோடு உங்களை ஒப்பிடுவதுதான் அது. இன்றைய டெஸ்ட்களின் அடிப்படையும் இதுவே.

அந்த வயதினரின் சராசரி மதிப்பெண்ணை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். சுமார் 68 சதவிகிதம் பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 70-க்குக் கீழே வருபவர்கள் சுமார் 2 சதவிகிதம்.

அதாவது, ஐ.க்யூ என்பது உயரம், எடை போல உள்ளே இருக்கும் ஒரு பொருளின் அளவு அல்ல. அது வரிசையில் ஓர் இடம். ஐ.க்யூ 140 இருப்பவர், 70 இருப்பவரைவிட 'இரண்டு மடங்கு புத்திசாலி' என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், எந்த டெஸ்ட்டிலும் பிழை வரம்பு உண்டு. தூக்கமின்மை, பதற்றம், மொழி, அன்றைய மூடு எல்லாமே ஸ்கோரை ஏற்றி இறக்கும். 71 என்று வந்தால், 'உண்மையான ஸ்கோர் 66 முதல் 76-க்குள் இருக்கலாம்' என்றுதான் படிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, 20-ம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி ஸ்கோர் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபிளின் பெயரால் 'ஃபிளின் விளைவு' என்கிறார்கள். அதனால் 100 என்ற கோட்டை அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கிறது. பழைய டெஸ்ட்டை எழுதுபவருக்கு ஸ்கோர் கூடுதலாகவே வரும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2014 மே மாதம், 5-4 என்ற பெரும்பான்மையில் ஃபுளோரிடாவின் கோட்டை உச்ச நீதிமன்றம் அழித்தது. ஐ.க்யூ என்பது ஒரு வீச்சு, நிலையான ஒற்றை எண் அல்ல. பிழை வரம்புக்குள் ஸ்கோர் வரும்போது, அந்த மனிதர் அன்றாட வாழ்க்கையை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் பார்த்தே ஆக வேண்டும் என்றது. 2016-ல் ஹாலின் மரண தண்டனை ரத்தானது. கேரி பக் விஷயத்தில் கைவிட்ட அதே நீதிமன்றம், இந்த இடத்துக்கு வந்துசேர 87 ஆண்டுகள் ஆனது.

இங்கே எப்படி?

பினேவின் தேர்வை 1930-களிலேயே வி.வி.காமத் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். 'பினே-காமத் டெஸ்ட்' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை விளக்கும்போது ஓர் எண்ணைச் சொல்லவில்லை. சிந்தித்தல், கற்றல் திறனோடு அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் சேர்த்தே சொல்கிறது.

அதனால், உங்கள் வீட்டுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் ஒரு எண் வந்தால், 'எவ்வளவு?' என்பதோடு நிறுத்தாதீர்கள். பிழை வரம்பு என்ன, எந்த மொழியில் எடுத்தார்கள், எதில் தடுமாறுகிறது, அதற்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பினே அந்த 30 பயிற்சிகளையும் எழுதினார்.