மதினியும் நானும் இரண்டு சைக்கிளும்

சகோதரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாகச் சைக்கிள் விட்டது எந்த வயதில்?

யோசிக்கிறீர்கள், அல்லவா? எனக்கு யோசனையே வேண்டாம். பதின்மூன்றாவது வயதில், பாளையங்கோட்டையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். குரங்குப் பெடல் போட்டே காலத்தை ஓட்டியவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸீட்டில் உட்கார்ந்து தெருமுனை வரை போய்த் திரும்பினேன். வாசலில் ஆச்சி நின்று கொண்டிருந்தாள். "இனிமே இந்தக் கூத்து வேண்டாம். பெரிய மனுஷி ஆகப் போற புள்ளை!" என்றாள். அவ்வளவுதான். சைக்கிள் கடைக்குப் போயிற்று. நான் அடுக்களைக்குப் போனேன். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

என் மதினிக்குக் குரங்குப் பெடல்கூடக் கொடுத்து வைக்கவில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில், பேத்திக்குச் சைக்கிள் பழக்க மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பேத்தி பழகி முடித்ததும், "எனக்கும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோளா" என்றாளாம். மூன்று வாரம், இரண்டு முழங்கால் சிராய்ப்பு, ஒரு கிழிந்த புடவை. மதினி சைக்கிள் விட்டுவிட்டாள்!

சிரிக்காதீர்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார்கள். வயல் வேலை செய்யும் பெண்களும் கல் உடைக்கும் பெண்களும் பல்லாயிரக் கணக்கில் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போகவே, நடுவில் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி உட்கார்ந்தார்கள். மதினிக்கு அவர்கள் முன்னோடிகள்.

எங்கள் பிரயாணத்துக்கும் அந்தப் பேத்திதான் காரணம். பிரான்ஸ் தேசத்து லுவார் நதிக்கரைப் படங்களைச் செல்போனில் காட்டினாள். நதியை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை. வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். தலை நரைத்த தம்பதிகள் நிதானமாகப் பெடலை மிதித்துப் போகிறார்கள். மதினி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏன், நம்ம ஆத்தங்கரைக்கு என்ன குறைச்சல்? அங்க திராட்சைக் கொடின்னா, இங்க வெத்தலைக் கொடி. அவங்க திராட்சை ரசம் குடிச்சா நாம பதனி குடிப்போம்!" என்றாள்.

அண்ணன் மகன் குதித்தான். "இந்த வயசுல விழுந்து இடுப்பை ஒடிச்சிக்கிட்டா யாரு பாக்கது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆகவே நாங்களே நிபந்தனை போட்டுக்கொண்டோம். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இல்லை. காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் மிதிப்பதில்லை. லாரி ஓடும் சாலையைக் கூடிய வரை தவிர்ப்பது. ஊருக்கு ஊர் வீட்டுக்குப் போன் செய்வது. இந்த நிபந்தனைகளால்தான் பிரயாணம் ரொம்ப அழகாக அமைந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மலையிலிருந்து இறங்கினோம்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. நடுவே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் உள்ள இடத்தில் கரை இருக்கும். கரை மேல் பாதை இருக்கும். பாதையில் மர நிழல் இருக்கும். சைக்கிளுக்கு வேறென்ன வேண்டும்? அதோடு மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். தண்ணீர் போகும் திசையில் போனால் மூச்சு வாங்காது.

மாசி மாதத்தில் ஒரு நாள், சைக்கிள்களை லோடு ஆட்டோவில் ஏற்றிப் பாபநாசம் போய்ச் சேர்ந்தோம். ஆற்றில் குளியல், கோயிலில் ஒரு கும்பிடு. அம்பாசமுத்திரம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குள் நுழையும்போது, வீட்டு முற்றத்தில் அப்பளம் உலர்ந்து கொண்டிருந்தது. அந்த வாசனை காரில் போகிறவர்களுக்குக் கிடைக்குமா, சொல்லுங்கள்!

அங்கிருந்து கன்னடியன் கால்வாயோடு போனோம். இந்தக் கால்வாயைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்லுவார்கள். கன்னட தேசத்து மனிதர் ஒருவர், ஒரு பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியெல்லாம் கால்வாய் வெட்டினாராம். அது படுத்த இடத்தில் குளம் தோண்டினாராம். கதை நிஜமோ என்னவோ, கால்வாய் பசு நடந்த மாதிரிதான் வளைந்து வளைந்து போகிறது. நாங்களும் பசுவின் வேகத்தில்தான் போனோம்.

காருகுறிச்சிக்குப் பக்கத்தில் வந்தது ஆபத்து. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று, கரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. மதினி ஒதுங்கினாள், ஒதுங்கியவள் ஒதுங்கிக்கொண்டே போய் வயல் சேற்றில் உட்கார்ந்தாள். முழங்காலில் ரத்தம். சைக்கிள் செயின் கழன்று தொங்கியது. எனக்குக் கைகால் உதறிவிட்டது. "போதும் மதினி, பஸ்ஸில போயிருவோம்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கால்வாயில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டாள்.

அப்போது பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி சைக்கிளில் வந்தாள். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள். இறங்கினாள், ஒரு குச்சியை ஒடித்தாள், செயினைப் பல்லில் மாட்டி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலை முடிந்தது.

"எங்க போறீங்க ஆச்சி?"

"கடல் வரைக்கும்" என்றாள் மதினி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்ப செயினுக்கு எண்ணெய் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் பஸ் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

காருகுறிச்சி என்றால் உங்களில் பலருக்கு நாதஸ்வரம் ஞாபகம் வரும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் இந்த ஊர் அருணாசலத்தினுடையது. இங்கே வேளார் வீடுகளில் சக்கரம் சுற்றுகிறது. ஒரு சின்னப் பானை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டோம். அன்று சேரன்மகாதேவியில் தங்கினோம். மறுநாள் முழுக்க முழங்காலுக்கு ஓய்வு. மூன்றாம் நாள் பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற வீடுகளைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலி. 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். அந்த நெரிசலில் வீரம் காட்டக் கூடாது.

திருக்கோளூர்ப் பாதையில்

திருநெல்வேலிக்குக் கிழக்கே, திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போகாமல் முடியாது. பொழுது விடிந்ததும் கிளம்பினோம். வழியில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. ஜெர்மானியர் ஜாகோர் 1876-ல் முதன்முதலாகத் தோண்டிப் பார்த்த தாழிக்காடு. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் அங்கே உறங்குகிறார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டோம். செம்பைக் கொடுத்த அம்மாள், தன் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையில் வெள்ளம் நின்ற உயரம்! அப்போது ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பிரயாணிகளோடு ரயில் மாட்டிக்கொண்டதும், பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். "பாய் தலகாணியெல்லாம் போச்சு. ஆனா ஆத்தை வையலாமா? அதுதானே சோறு போடுது" என்றாள் அந்த அம்மாள்.

இங்கிருந்து நவதிருப்பதி. நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி எல்லாம் வடகரை. ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை தென்கரை. ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர்தான். இரு பக்கமும் வயலும் வாழையும். காரில் வருகிறவர்கள் ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மத்தியானம் நடை சாத்தினால், கோயில் வாசல் நிழலில் கட்டுச் சாதம்.

திருக்கோளூர்க் கதை தெரியுமோ? ராமானுஜர் ஊருக்குள் வருகிறார். ஒரு பெண்பிள்ளை ஊரை விட்டு வெளியே போகிறாள். எல்லோரும் புகும் ஊரிலிருந்து நீ ஏன் புறப்பட்டாய் என்று அவர் கேட்க, அவள் எண்பத்தொரு பதில் சொன்னாளாம்; அவர் அவள் வீட்டிலேயே அமுது செய்தாராம். அந்தப் பாதையில் பெடலை மிதிக்கும்போது, என் ஆச்சியை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு பதில்கூடச் சொல்லத் தோன்றவில்லையே!

கொடிக்கால் தேசம்

கடைசி நாள் ஆத்தூர். மதினி சொன்ன வெற்றிலைக் கொடிக்கால்கள் இங்கேதான். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தழுவிக்கொண்டு கொடி ஏறுகிறது. உள்ளே போனால் கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி இருட்டும் குளிர்ச்சியும். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இளம் வெற்றிலை ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார்கள். சுர்ரென்று ஒரு காரம்!

பனங்காட்டுப் பக்கம் திரும்பினோம். பனையேறி அப்போதுதான் இறங்கி வந்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது பதனி. தடவாவிட்டால் கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை. பதனிக்குத் தடை இல்லை. ஓலையை மடித்துப் பட்டை செய்து, அதில் வார்த்துக் கொடுத்தார். மதினி இரண்டு பட்டை குடித்துவிட்டு, "பிரான்ஸ்காரனைக் கூப்பிடு!" என்றாள்.

பத்து மணிக்குள் புன்னைக்காயல். ஆறு அகன்று, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அண்ணன் மகனிடமிருந்து போன்.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"கடல்கிட்ட. இதுக்கு மேல ரோடு இல்லடா!"

நீங்கள் கிளம்பு முன்

தை, மாசி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைப் பாதை சேறாகிவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகைத் தள்ளிவிடும். திரும்பி மேற்கே வருவது மட்டும் கஷ்டம். ஸீட்டை, காலை நீட்டினால் தரை தொடும்படி இறக்கி வையுங்கள். புடவையானால் கொசுவத்தைச் சொருகிக்கொள்ளுங்கள். சுரிதாரானால் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். பஞ்சர் சாமான், காற்றுப் பம்பு, தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய். தனியே போகாதீர்கள், ஒரு மதினியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நாள் முடியாவிட்டால், நவதிருப்பதி மட்டும் இரண்டு நாள் போதும்.

வீட்டில் யாராவது, "இந்த வயசிலா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை மாதிரி எண்பத்தொரு பதில் வேண்டாம்; ஒரு பதில் தயாராக வைத்துக்கொண்டால் போதும். செயினுக்கு எண்ணெய் போட மட்டும் மறந்துவிடாதீர்கள்!