பிராகில் ஒரு செமஸ்டர்: எழுதிய நேரம் கணக்கில் வருமா?

வசந்த செமஸ்டருக்கு விண்ணப்பிக்கும் காலம் முடியப்போகிறது. செக் தலைநகர் பிராகில் படைப்பெழுத்து, ஓவியம், செக் பண்பாடு படிக்கவிருக்கும் மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: “அங்கே 30 கிரெடிட் வாங்கினால், இங்கே எத்தனை?”

ஐரோப்பியக் கிரெடிட்டை எல்லை கடந்தும் செல்லுபடியாகும் நாணயம் என்று அறிமுகக் கையேடுகள் சொல்கின்றன. அதை அப்படியே நம்ப வேண்டாம். வாங்கிக்கொள்ள ஒரு கை நீண்டால்தான் நாணயத்துக்கு மதிப்பு. அந்தக் கை உங்கள் சொந்தக் கல்லூரியுடையது.

இந்த ஏற்பாட்டில் நான் வியக்கும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கிரெடிட் ஆசிரியர் பேசிய நேரத்தை அளப்பதில்லை, மாணவர் உழைத்த நேரத்தை அளக்கிறது. 1 கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் கொண்ட ஒரு படைப்பெழுத்துப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வாரம் 3 மணி நேரமாக 13 வாரம் நடந்தால் வகுப்பு 39 மணி நேரம். மொத்த உழைப்போ 125 முதல் 150 மணி நேரம். மீதி முழுவதும் வகுப்புக்கு வெளியே நடப்பது: கதையை அடித்துத் திருத்துவது, தேசிய ஓவியக்கூடத்தில் ஒரே படத்தின் முன் ஒரு பிற்பகலைக் கழிப்பது, கம்யூனிச ஆட்சி தடைசெய்த எழுத்துகளின் தட்டச்சுப் பிரதிகளைக் காக்கும் ‘லிப்ரி ப்ரோஹிபிட்டி’ நூலகத்துக்குப் போய்வருவது. எழுதக் கற்பது பெரும்பாலும் அந்த மணிகளில்தான் நடக்கிறது.

சிக்கல் ஊர் திரும்பியதும் வருகிறது. நம் பல்கலைக்கழகங்கள் பழகிய கணக்கில் 15 மணி நேர விரிவுரைக்கு 1 கிரெடிட். அதன்படி அந்த 39 மணி நேரம் 2.6 ஆகச் சுருங்கும். 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்போ கற்றலுக்குச் செலவான 30 மணி நேரத்தை 1 கிரெடிட் என்கிறது. அப்படிப் பார்த்தால் அதே பாடம் நான்கைத் தாண்டி ஐந்தைத் தொடும். இரண்டும் நம் நாட்டுக் கணக்குகள்தான். எதைக் கையில் எடுப்பார்கள் என்பதைப் பொறுத்து ஒரு மாணவரின் உழைப்பில் பாதி கரைந்துபோகலாம். எனக்குக் கவலை தருவது இதுதான்.

தடுக்க வழி இருக்கிறது. மாணவர், இங்குள்ள கல்லூரி, அங்குள்ள கல்லூரி என மூவரும் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பே முடியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இங்கே எத்தனை கிரெடிட் என்று எண்ணால் எழுதி வாங்குங்கள். “வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

மற்ற கேள்விகள்:

சுற்றுலா விசா போதுமா? போதாது, 90 நாளுக்கு மேல் தங்க நீண்டகால விசா வேண்டும்.

சான்றிதழ்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே? விசாவுக்குச் செக் மொழியில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு கேட்பார்கள்.

செலவுக்கு யூரோவா? இல்லை, செக் கொருனா.

கல்விக் கட்டணம் கிடையாதாமே? அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழிவழிப் பட்டப்படிப்புக்கு மட்டும்தான் அது.

காஃப்காவைப் படிக்கச் செக் மொழி வேண்டுமா? பிராகில் பிறந்தாலும் அவர் எழுதியது ஜெர்மனில்.

எழுத்தையும் ஓவியத்தையும் ஏன் சேர்த்து வைக்கிறார்கள்? இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்பதால்தான். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்துக்கு ‘ரோபோ’ என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப், ஓர் ஓவியர். சொல்லின் வேரான ‘ரோபோட்டா’ நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பைக் குறித்தது. நம் சோழர் காலக் கல்வெட்டுகள் அதை ‘வெட்டி’ என்கின்றன. பிராகில் இரவெல்லாம் விழித்து எழுதும் பிள்ளையின் உழைப்பு வெட்டியாகிவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு விமானச் சீட்டு எடுங்கள்.