வேலையை விட்டவளின் இழப்புக்கு யார் கணக்குப் போடுவது?

அரியலூர் பக்கம் நஷ்டஈடு வழக்கைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. சிமென்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் ஓடும் லாரிகள் தந்த அனுபவம் அது. விபத்து வழக்கில் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்டு வருமானத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 25 வயது என்றால் 18, 30 என்றால் 17. 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை இது.

சூப்பர்வைசரின் பாலியல் தொல்லை தாங்காமல் வேலையை விட்ட பெண்ணுக்கு அப்படி எந்த அட்டவணையும் கிடையாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, விசாரணைக் குழு பார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறது: மனவேதனை, வேலையில் இழந்த வாய்ப்பு, மருத்துவ, மனநல சிகிச்சைச் செலவு, குற்றம் செய்தவரின் வருமானம், மொத்தமாகவோ தவணையாகவோ கட்டும் சாத்தியம்.

இதில் குற்றம் செய்தவரின் வருமானம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. தவணையைத் தீர்மானிக்க அது உதவட்டும். அவர் சம்பளம் குறைவு என்பதற்காக அவள் பட்ட வேதனையின் மதிப்பும் குறைந்துவிடுமா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023-இல் காலணி ஆலை வந்தது. ஜெயங்கொண்டத்தில் இன்னொன்றுக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். காலணித் தொழிலில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். வீட்டிலிருந்து முதல்முறையாகக் கம்பெனி பஸ் ஏறும் பெண் இப்படித் தொல்லை தாங்காமல் பாதியில் நின்றுவிட்டால், ‘வேறு வேலை கிடைக்காதா’ என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். மறுபடி வேலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அவள் இழப்பது அந்த மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை. இனிச் சேர வேண்டிய வருங்கால வைப்பு நிதி, சர்வீஸ், அடுத்த ஊதிய உயர்வு எல்லாமே போகின்றன. விபத்தில் கை இழந்தவருக்கு வருங்கால வருமானத்தைக் கணக்கிடும் நாம், இவளுக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

முதலாளியின் பொறுப்பு இன்னொரு பக்கம். இந்தச் சட்டப்படி இழப்பீடு குற்றம் செய்தவரின் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கப்படும். புகார்க் குழுவே அமைக்காத முதலாளிக்கு அபராதம் 50,000 ரூபாய் வரைதான். ஆனால் 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம், குழு அமைக்கத் தவறிய ஒரு மென்பொருள் நிறுவனம் தன் பெண் அதிகாரிக்கு 1 கோடியே 68 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. அவர் வாங்கிய சம்பளம் பெரியது. தொகையும் பெரிதாக வந்தது. தையல் கூடத்துப் பெண்ணுக்கும் முதலாளியின் அலட்சியம் அதே அலட்சியம்தான்.

பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் முந்திரி உடைக்கும் கொட்டகை, துணிக்கடை போன்ற இடங்களிலிருந்தும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். சொன்ன தொகையைக் கட்டாதவரிடம் நிலவரி பாக்கியைப் போல ஜப்தி செய்தே வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

‘ஏதோ கொடுத்துப் பேசி முடிச்சுக்கலாம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். சமரசத்துக்குப் பணத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது என்று 10-ஆவது பிரிவு தெளிவாகத் தடுக்கிறது. அவளுக்கு வர வேண்டியது விசாரணையின் முடிவில், கணக்கோடு வரட்டும். எந்தத் தலைப்பில் எவ்வளவு, ஏன் என்பதைக் குழு அறிக்கையிலேயே எழுத வேண்டும். போதவில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய அவளுக்கு அந்த எழுத்துதான் பிடிமானம்.